மலையில் பழம் வளர்த்து விற்பது: எந்தப் பழம் என்பதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியவை

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். மலைச்சரிவில் தானியமும் காய்கறியும் பயிர் செய்துவரும் சிறு விவசாயிகள் சிலர் சேர்ந்து பழ மரங்களுக்கு மாற நினைக்கிறீர்கள். எந்தப் பழம் நட்டால் நல்ல வருமானம் வரும், விற்பனைக்கு என்ன ஏற்பாடு வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு கேள்விகளாகத் தெரிந்தாலும் மலையில் இவை ஒன்றுதான். பழம் கீழே எப்படிப் போகும், எந்த வாரத்தில் போகும், யார் வாங்குவார் என்று தெரிந்த பிறகுதான் எதை நடுவது என்றே பேச முடியும். தோட்டக்கலை படித்து, மலைத்தோட்டங்களில் விரிவாக்கப் பணியிலும், பிறகு விவசாயிகள் குழுக்களின் விற்பனைப் பக்கத்திலும் பல வருடங்கள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். நான் பார்த்த தோல்விகளில் பெரும்பாலானவை இந்த வரிசையைத் தலைகீழாகப் போட்டதால் வந்தவை. கன்று இலவசமாகக் கிடைத்தது, நட்டார்கள், காய்த்தது, அதன் பிறகு மண்டியைத் தேடினார்கள்.

மலைக்கு என்று ஒரு பலம் இருக்கிறது. அது விளைச்சல் இல்லை. ஏக்கர் கணக்கில் சமவெளித் தோட்டத்தோடு போட்டி போட்டால் மலை தோற்கும். வேலையாள், உரம், தண்ணீர், லாரி எல்லாமே மேலே ஏறும்போது செலவு கூடுகிறது. மலையின் பலம் பருவம். சராசரியாக ஒவ்வொரு 1000 மீட்டர் உயரத்துக்கும் வெப்பநிலை 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. அதனால் அதே வகை மரம் உயரத்தில் தாமதமாகப் பூக்கிறது, தாமதமாகப் பழுக்கிறது. அமெரிக்கப் பூச்சியியலாளர் ஹாப்கின்ஸ் 1918-இல் வெளியிட்ட கணக்குப்படி, வசந்தகாலத்தில் ஏறத்தாழ 120 மீட்டர் உயரத்துக்கு நான்கு நாள் தாமதமாகும். இதை எல்லா இடத்துக்கும் அப்படியே பொருத்த முடியாது, வெப்பமண்டல மலைகளில் மழைதான் பூப்பைத் தீர்மானிக்கிறது. ஆனாலும் திசை சரியானது. கீழே சீசன் முடிந்து மண்டி காலியாகும் வாரத்தில் உங்கள் பழம் இறங்கினால் அதற்கு விலை உண்டு. கீழே குவிந்து கிடக்கும் வாரத்தில் இறங்கினால், எவ்வளவு நல்ல பழமாக இருந்தாலும் லாரி வாடகைகூடத் தேறாமல் போகலாம். இரண்டாவது பலம் நிறமும் சுவையும். பகலில் நல்ல வெயிலும் இரவில் குளிரும் உள்ள இடத்தில் ஆப்பிள், பிளம்ஸ் போன்றவற்றின் தோல் நன்றாகச் சிவக்கிறது, சர்க்கரையும் அமிலமும் சேர்ந்து நிற்கின்றன.

ஆகவே முதல் வேலை கன்று வாங்குவது அல்ல. நீங்கள் பழம் அனுப்பக்கூடிய இரண்டு மூன்று மண்டிகளில், ஒவ்வொரு பழத்துக்கும் வாரவாரியாக வரத்தும் விலையும் கடந்த சில ஆண்டுகளில் எப்படி இருந்தது என்று எடுங்கள். ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் பெரும்பாலும் இந்தப் பதிவு இருக்கும். வரத்து விழுந்து விலை ஏறும் வாரங்கள் எவை என்று குறித்துக்கொண்டு, உங்கள் உயரத்தில் எந்தப் பழத்தின் எந்த வகை அந்த வாரங்களில் முதிரும் என்று பின்னோக்கிப் போக வேண்டும். பழத்தின் பெயரைவிட வகையின் பெயர் முக்கியமாவது இங்கேதான். ஒரே பிளம்ஸில் முன்பருவ வகைக்கும் பின்பருவ வகைக்கும் இரண்டு மாத வித்தியாசம்கூட இருக்கும்.

வாங்குபவரின் நாக்கையும் கேட்க வேண்டும். இதற்கு இமாச்சலப் பிரதேசத்தின் ஆப்பிள் வரலாறே போதும். குல்லு பள்ளத்தாக்கில் 1870 வாக்கிலேயே ஆங்கிலேயர்கள் ஆப்பிள் தோட்டம் போட்டுவிட்டார்கள். மரங்கள் நன்றாகவே வளர்ந்தன. ஆனால் அவர்கள் கொண்டுவந்த ஆங்கில வகைகளில் புளிப்பு தூக்கலாக இருந்தது, இந்தியச் சந்தையில் பெரிதாக எடுபடவில்லை. அமெரிக்காவிலிருந்து வந்து கோட்கரில் குடியேறிய சாமுவேல் ஸ்டோக்ஸ், 1916 வாக்கில் ரெட் டெலிஷியஸ் என்ற இனிப்பு வகையைக் கொண்டுவந்து நட்டு, சுற்றுவட்டார விவசாயிகளுக்கும் கொடுத்த பிறகுதான் அந்த மலைகளின் பொருளாதாரம் மாறத் தொடங்கியது. மலையும் பழமும் அதேதான், வகை மட்டும் வேறு. அந்தக் கதைக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. கிட்டத்தட்ட எல்லாரும் டெலிஷியஸ் குடும்பத்தையே நட்டதால், 1980-களின் தொடக்கத்தில் ஸ்கேப் என்னும் கரும்புள்ளிப் பூஞ்சாண நோய் பரவியபோது ஒரு மாநிலமே சேர்ந்து அடிபட்டது. எனவே குழுவாக நடும்போது இரண்டு மூன்று பழங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று வகைகள் என்று வையுங்கள். அதற்கு மேல் பிரித்தால் விற்பனைக்கு ஒரு லாரி சேராது.

அடுத்தது சாலை. உங்கள் தோட்டத்திலிருந்து மண்டிக்கு எத்தனை மணி நேரம், அதில் எவ்வளவு தூரம் கரடுமுரடான பாதை, அறுவடை மாதத்தில் மண்சரிவால் சாலை அடைபடுமா என்ற மூன்றுக்கும் நேர்மையான பதில் வேண்டும். ஸ்ட்ராபெரி, செர்ரி, நன்கு பழுத்த பீச், அத்தி எல்லாம் ஒரு நாள் தாமதத்தைத் தாங்காதவை. ஆப்பிள், முதிர்ந்து கடினமாக இருக்கும்போதே பறித்த பேரி, கிவி, மாதுளை, ஆரஞ்சு வகைகள் சில நாள் தாங்கும். அக்ரூட், உலர்த்திய ஆப்ரிகாட் போன்றவை மாதக்கணக்கில் தாங்கும், கிலோவுக்கு மதிப்பும் அதிகம். சாலை எவ்வளவு மோசமோ அவ்வளவுக்கு இந்தக் கடைசி வகையை நோக்கி நகர வேண்டும். நேபாளத்தின் முஸ்தாங் மாவட்டத்தில் மார்பா என்ற ஊர் இருக்கிறது. அங்கே 1966-இல் அரசுத் தோட்டக்கலைப் பண்ணை தொடங்கி ஆப்பிளைப் பரப்பினார்கள். மோட்டார் சாலை இல்லாத காலத்தில் அந்த ஆப்பிள் உலர்பழமாகவும் பிராந்தியாகவும் மலையேற்றப் பயணிகளுக்கு விற்பனையானது. 2000-களின் பிற்பகுதியில் சாலை வந்த பிறகுதான் புதிய பழம் லாரியில் கீழே போகத் தொடங்கியது. சாலை வரும் என்ற வாக்குறுதியை நம்பிச் சீக்கிரம் கெடும் பழத்தை நடாதீர்கள். சாலை வந்த பிறகு மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது.

சிறு அளவில் கம்பிவடத் தொட்டில் போட்டு எதிர் மலையிலிருந்து பெட்டிகளைச் சாலைக்கு இறக்குவது பல இமயமலை ஊர்களில் நடக்கிறது. தலைச்சுமைக்கு ஆள் கிடைக்காத இடங்களில் இது கன்று மானியத்தைவிடப் பயனுள்ள முதலீடு. திட்டம் எழுதும்போது இதைக் கேட்கத் தயங்க வேண்டாம்.

இப்போது குளிர் பற்றி. இலையுதிர்க்கும் மரங்கள், அதாவது ஆப்பிள், பேரி, பிளம்ஸ், பீச், ஆப்ரிகாட், செர்ரி எல்லாம் குளிர்காலத்தில் உறங்குகின்றன. அந்த உறக்கம் கலைய ஒரு குறிப்பிட்ட அளவு குளிர் தேவை. பழைய எளிய கணக்கு, 0 முதல் 7 டிகிரிக்குள் எத்தனை மணி நேரம் கழிந்தது என்று எண்ணுவது. டெலிஷியஸ் ஆப்பிளுக்கு ஏறக்குறைய ஆயிரம் மணி நேரம் வேண்டும். இஸ்ரேலில் உருவான ஆன்னா போன்ற குறைகுளிர் வகைக்கு முந்நூறு மணி நேரமே போதும். குளிர் போதாவிட்டால் மரம் செத்துவிடாது, ஆளை ஏமாற்றும். மொட்டு ஒழுங்கில்லாமல் உடையும், பூப்பு வாரக்கணக்கில் இழுக்கும், பிஞ்சு பிடிக்காது. நட்டவர் உரம் போதவில்லை என்று நினைத்து இன்னும் போடுவார். இது ஐந்தாம் வருடத்தில்தான் தெரியவரும் என்பது கொடுமை. ஆகவே ஒரு குளிர்காலம் முழுக்கத் தோட்டத்தின் வெவ்வேறு உயரங்களில் வெப்பநிலை பதியும் சிறு கருவிகளை வைத்து மணிக்கணக்கு எடுங்கள். விலை அதிகமில்லாத கருவிதான். கன்று நடுவதற்கு முன் செலவு செய்ய வேண்டியது இதற்குத்தான். வரைபடத்தில் பார்த்த உயரம் மட்டும் போதாது.

ஏனென்றால் மலையில் குளிர்காற்று தண்ணீர் மாதிரி நடந்துகொள்கிறது. இரவில் கனத்துச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். பள்ளத்தாக்கின் அடித்தட்டில் மண் நன்றாக இருக்கும், தண்ணீர் கிட்டத்தில் இருக்கும், எல்லாருக்கும் அங்கேதான் நடத் தோன்றும். உறைபனியும் அங்கேதான் விழும். அதற்கு மேலே நடுச்சரிவு இரவில் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கும். முழுப் பூப்பில் இருக்கும் ஆப்பிள் அரை மணி நேரம் மைனஸ் 2 டிகிரியில் நின்றால் பத்தில் ஒரு பங்கு பூ கருகும், மைனஸ் 4-ஐ நெருங்கினால் பத்தில் ஒன்பது போய்விடும். ஒரே இரவில் வருட வருமானம் போவது இப்படித்தான். இத்தாலியின் தென் டிரோலில் பூப்பு காலத்தில் உறைபனி வரும்போது மரங்களின் மேல் தண்ணீரைத் தூவுகிறார்கள். தண்ணீர் உறையும்போது வெளிவிடும் வெப்பம் பூவைக் காப்பாற்றுகிறது. ஆனால் காலையில் பனிக்கட்டி உருகும்வரை நிறுத்தாமல் தூவ வேண்டும், நடுவில் நின்றால் சேதம் இன்னும் அதிகமாகும். அவ்வளவு தண்ணீர் இல்லாதவர்கள் பள்ளத்தில் நடாமல் இருப்பதுதான் வழி. சரிவுக்குக் குறுக்கே அடர்ந்த வேலியோ மதிலோ இருந்தால் குளிர்காற்று அதன் மேல்பக்கம் தேங்கும் என்பதையும் பாருங்கள். கீழ்மூலையில் ஓர் இடைவெளி விட்டாலே வித்தியாசம் தெரியும்.

கன்று விஷயத்தில் நான் மிகவும் பிடிவாதக்காரன். தமிழ்நாட்டில் சிறுமலை வாழைக்கு நடந்ததை நினைத்துப் பாருங்கள். முடிக்கொத்து நோய் என்ற வைரஸ், அசுவினிப் பூச்சி மூலமாகவும் பாதிக்கப்பட்ட பக்கக்கன்றுகள் மூலமாகவும் பரவி, புகழ்பெற்ற ஒரு மலைப்பயிரைக் கிட்டத்தட்ட அழித்தது. பிறகு திசு வளர்ப்புக் கன்றுகள் மூலம் அதை மீட்க வேளாண் பல்கலைக்கழகம் பாடுபட வேண்டியிருந்தது. அந்த வாழைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, பெயர் இருக்கிறது, ஆனால் நோயில்லாத கன்று இல்லையென்றால் பெயரால் என்ன பயன்? ஒட்டுக்கன்று வாங்கும்போது மேலே இருக்கும் வகையைப் போலவே கீழே இருக்கும் வேர்ச்செடியையும் கேளுங்கள். ஆப்பிளில் எம்-9 என்ற குட்டை வேர்ச்செடியில் ஒட்டிய மரம் இரண்டு மூன்று வருடத்தில் காய்க்கும், ஏக்கருக்கு ஆயிரத்துக்கு மேல் நடலாம். ஆனால் அதன் வேர் மேலோட்டமானது. வாழ்நாள் முழுக்கக் கம்பித் தாங்கல் வேண்டும், சொட்டுநீர் வேண்டும், ஆழமான நல்ல மண் வேண்டும். ஐரோப்பியத் தோட்டத்தின் படத்தைப் பார்த்துவிட்டு மானாவாரிச் சரிவில் இதை நட்டவர்கள் நொந்துபோனதைப் பார்த்திருக்கிறேன். வறண்ட சரிவுக்கு எம்எம்-111 போல ஆழ வேர்விடும் அரைக்குட்டை வகையோ, விதைக்கன்றில் ஒட்டிய மரமோதான் தாங்கும். காய்ப்புக்கு இன்னும் சில வருடம் காத்திருக்க வேண்டும், அது உண்மைதான்.

அந்தக் காத்திருப்பு வருடங்களை யாரும் திட்டத்தில் எழுதுவதில்லை. சிறு விவசாயிக்கு நான்கைந்து வருடம் வருமானமில்லாமல் இருக்க முடியாது. நிலம் முழுவதையும் ஒரே வருடத்தில் மாற்றாமல், மூன்றில் ஒரு பங்கு என்று ஆரம்பியுங்கள். வரிசைகளுக்கு நடுவில் பீன்ஸ், பட்டாணி, பூண்டு மாதிரி குட்டையான, மண்ணைக் கெடுக்காத பயிர்கள் தொடரட்டும். மரத்தடியில் மட்டும் இரண்டு மூன்று அடி வட்டத்தில் மூடாக்கு, அதாவது காய்ந்த இலை, வைக்கோல் போர்வை, போட்டு விட்டுவிடுங்கள். சரிவில் நடும்போது சமஉயரக் கோட்டில் வரிசை எடுத்து, ஒவ்வொரு மரத்துக்கும் கீழ்ப்பக்கம் கரை உயர்த்திய அரைவட்டப் பாத்தி போட்டால் மழைநீர் வேருக்கு வரும், மண்ணும் நிற்கும். இடைவெளியில் புல்லை வேரோடு கொத்தி எடுக்கவே வேண்டாம், அறுத்துவிட்டால் போதும். மிகச் செங்குத்தான இடத்தைக் காடாகவே விட்டுவிடுவது நல்லது. கீழே ஊற்று வற்றாமல் இருக்க அந்த மரங்களும் வேண்டும்.

மகரந்தச் சேர்க்கையைப் பற்றிச் சுருக்கமாக. ஆப்பிள், பேரி, செர்ரி, பல பிளம்ஸ் வகைகள் தன் வகைப் பூந்தாதால் சரியாகக் காய்க்காது. ஒரே நேரத்தில் பூக்கும் வேறொரு வகை தோட்டத்துக்குள் கலந்து இருக்க வேண்டும். தேனீயும் வேண்டும். சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் ஹான்யுவான் பகுதியில் மனிதர்கள் மரத்தில் ஏறிக் கையால் பேரிப்பூக்களுக்குப் பூந்தாது தடவுகிறார்கள். மகரந்தம் தரும் வகைகள் போதாதது, பூச்சிக்கொல்லி மிகுதி என்று அதற்குப் பல காரணங்கள். பூக்கும் நாட்களில் மருந்தடிக்காமல் இருந்தால் பாதிப் பிரச்சினை வராது.

அறுவடையிலிருந்து லாரி ஏறும்வரையிலான இரண்டு நாளில்தான் மலை விவசாயி அதிகம் இழக்கிறார். பெரிய முதலீடு இல்லாமலே அதிகம் மீட்கக்கூடிய இடமும் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பழங்கள் இரண்டு விதம். ஆப்பிள், பேரி, வாழை, வெண்ணெய்ப்பழம், கிவி, பிளம்ஸ் போன்றவை முதிர்ந்த பிறகு பறித்தால் மரத்துக்கு வெளியேயும் பழுக்கும். செர்ரி, ஸ்ட்ராபெரி, திராட்சை, மாதுளை, ஆரஞ்சு, லிச்சி போன்றவை பறித்த பிறகு இனிக்காது. முதல் விதத்தில் ஆசைப்பட்டு முன்கூட்டியே பறிப்பது பெரிய தீமை. முதல் வாரத்து விலைக்காக முதிராத பழத்தை அனுப்பினால், அதை வாங்கிச் சாப்பிட்டவர் அந்த சீசன் முழுக்க அந்த ஊர்ப் பழத்தைத் தொட மாட்டார். முதிர்ச்சியைக் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆப்பிளைக் குறுக்கே வெட்டி அயோடின் கரைசலில் தோய்த்தால் மாவுச்சத்து இருக்கும் இடம் கறுக்கும். கறுப்பு எவ்வளவு மறைந்திருக்கிறது என்று பார்த்தே பறிக்கும் நாளைக் குறிக்கலாம். சர்க்கரை அளவைப் பார்க்கக் கையடக்கமான பிரிக்ஸ் மீட்டர் ஒன்று குழுவுக்கு இருந்தால் போதும். குழுவில் எல்லாரும் இந்த அளவு வந்த பிறகே பறிப்பது என்று ஒப்புக்கொண்டு அதைக் காப்பாற்றினாலே பாதி விற்பனை வேலை முடிந்த மாதிரி.

அப்புறம் சூடு. பறித்த பழம் உயிரோடுதான் இருக்கிறது, மூச்சு விடுகிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் அந்த மூச்சின் வேகம் இரண்டு மூன்று மடங்காகும், ஆயுள் அதே அளவில் குறையும். மதிய வெயிலில் பறித்துத் தார்ப்பாய்க்குக் கீழே குவித்து வைப்பது பழத்தை அவிப்பதற்குச் சமம். விடிந்து பனி உலர்ந்ததும் பறிக்கத் தொடங்கி, வெயில் ஏறும் முன் நிறுத்தி, நிழலில் வைக்க வேண்டும். மலையில் இரவுக்குளிர் இலவசமாகக் கிடைக்கிறது. கீழே காற்று புகவும் மேலே வெளியேறவும் துளைகள் வைத்த கனத்த சுவர் அறையில், இரவில் துளைகளைத் திறந்தும் பகலில் மூடியும் வைத்தால் பழம் ஓரிரு இரவில் நன்றாகக் குளிர்ந்துவிடும். காற்று வறண்டிருக்கும் இடமானால், தில்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய மின்சாரம் வேண்டாத குளிரறை முறையைப் பார்க்கலாம். இரட்டைச் செங்கல் சுவர், நடுவில் ஈரமணல், அவ்வளவுதான். மழைக்கால ஈரக்காற்றில் இது வேலை செய்யாது. பெரிய குளிர்பதனக் கிடங்கைப் பற்றி உடனே யோசிக்காதீர்கள். வருடத்தில் சில மாதம் மட்டும் நிரம்பும் கிடங்கின் மின்கட்டணம் பல குழுக்களைக் கடனில் தள்ளியிருக்கிறது. தேவைப்பட்டால் மலையடிவாரத்தில், வேறு பொருளுக்கும் பயன்படும் கிடங்கில் இடம் வாடகைக்கு எடுப்பது மேல். வைக்கும்போதும் கலந்து வைக்கக் கூடாது. ஆப்பிள் 0 டிகிரியை ஒட்டி நன்றாக இருக்கும், வாழையை 13 டிகிரிக்குக் கீழே வைத்தால் தோல் கறுத்துவிடும். ஆப்பிள் வெளிவிடும் எத்திலீன் வாயு பக்கத்தில் இருக்கும் கிவியை மெத்தென்று ஆக்கிவிடும்.

பெட்டியும் தரமும். மலைப்பாதையில் பழம் கெடுவதற்குக் காரணம் பெரும்பாலும் பெட்டிக்குள் நடக்கும் உரசல். பெட்டி தளர்வாக இருந்தால் பழம் ஆடும், திணித்தால் நசுங்கும். இமாச்சலில் நீண்ட காலம் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் அட்டைப்பெட்டியில், மேலே மேலே அடுக்கி அளவுக்கு மீறி நிரப்பி, பெட்டிக் கணக்கில் விற்றார்கள். கூடுதலாகப் போன எடைக்கு விவசாயிக்குக் காசு இல்லை. விவசாயிகள் வெகுகாலம் கேட்டுப் போராடிய பிறகு 2023-இல் எடைக்கணக்கு விற்பனையும், 2024 சீசனில் ஒரே அளவுள்ள யுனிவர்சல் கார்ட்டனும் வந்தன. நீங்கள் ஆரம்பத்திலேயே எடைக்கணக்கு, ஒரே அளவுப் பெட்டி என்று வைத்துவிடுங்கள். மேல் அடுக்கில் பெரிய பழம், அடியில் சிறிய பழம் என்ற பழக்கத்துக்கு இடமே கொடுக்காதீர்கள். எந்த வியாபாரியும் பெட்டியைக் கொட்டிப் பார்க்காமல் அதன் மேல் ஒட்டிய உங்கள் சீட்டை நம்பி விலை சொல்லும் நாள் வர வேண்டும். அதற்கு இரண்டு மூன்று சீசன் ஆகும், கெடுக்க ஒரு லாரி போதும்.

சேர்ந்து விற்பது பற்றி எல்லாரும் பேசுவார்கள், அது எப்போது வேலை செய்கிறது என்பதைச் சொல்கிறேன். தென் டிரோல் ஆல்ப்ஸ் மலைப்பகுதி. அங்கே ஒரு குடும்பத்தின் தோட்டம் சராசரியாக மூன்று ஹெக்டேர் அளவுதான். ஆனால் இத்தாலியின் ஆப்பிளில் ஏறக்குறைய பாதி அங்கிருந்து வருகிறது. உறுப்பினர் தன் விளைச்சலைக் கூட்டுறவுக்கே கொடுக்க வேண்டும், நல்ல விலை கிடைத்த நாளில் வெளியே விற்றுவிட்டு மோசமான நாளில் கூட்டுறவுக்கு வர முடியாது. அங்கே தரம் பிரித்து, எல்லாருடைய பழத்தையும் சேர்த்து விற்று, அவரவர் கொடுத்த தரத்துக்கும் எடைக்கும் ஏற்பப் பிறகு பணம் பிரிக்கிறார்கள். இந்த இரண்டு விதிகளும் இல்லாமல் பெயருக்கு ஒரு சங்கம் பதிவு செய்தால் அது மானியம் வாங்கும் அலுவலகமாகவே நின்றுவிடும். உங்கள் குழுவில் தோட்டங்கள் வெவ்வேறு உயரத்தில் இருந்தால் அது பெரிய வரம். கீழ்த்தோட்டம் முதலில், மேல்தோட்டம் கடைசியில் என்று ஒரே வகைப் பழத்தைப் பல வாரம் தொடர்ந்து கொடுக்க முடியும். தொடர்ந்து கொடுப்பவரோடுதான் பெரிய வாங்குநர் ஒப்பந்தம் பேசுவார்.

கமிஷன் மண்டிக்காரரை எதிரியாக நினைத்து ஆரம்பிக்காதீர்கள் என்றும் சொல்ல வேண்டும். அவர் பூப்பு காலத்திலேயே முன்பணம் கொடுக்கிறார், அதற்காகத்தான் விவசாயி அவரிடமே கட்டுப்பட்டு நிற்கிறார். மருந்துக்கும் கூலிக்கும் பெட்டிக்கும் அந்த முன்பணத்துக்குப் பதிலாக உங்கள் குழு என்ன கொடுக்கப்போகிறது? அதற்குப் பதில் இல்லாமல் நேரடி விற்பனை பேசினால் உறுப்பினர் அறுவடைக்கு முன்பே போய்விடுவார். அறுவடைக்கால நடைமுறைக் கடனுக்கு ஒரு வங்கியை முதலில் பிடியுங்கள். முதல் சில வருடம் மண்டியிலும் விற்று, நேரடியாகவும் கொஞ்சம் விற்று, இரண்டின் நிகர வரவையும் ஒப்பிட்டுப் பார்த்து மெல்ல நகருங்கள்.

ஜாம், பழச்சாறு ஆலை என்று பலர் ஆசைப்படுவார்கள். ஆலங்கட்டி அடிபட்ட, சிறுத்த, சிராய்ப்பு விழுந்த பழம் எப்போதும் இருக்கும், அதற்கு ஒரு வழி வேண்டும் என்பது சரி. ஆனால் ஆலை என்பது தனித்தொழில். வருடம் முழுக்க ஓட்டச் சரக்கு, உணவுப் பாதுகாப்பு உரிமம், பாட்டில், கடை அலமாரியில் இடம் எல்லாம் வேண்டும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஆலைக்கு இரண்டாம் தரப் பழத்தை மொத்தமாகக் கொடுக்க ஒப்பந்தம் செய்வது பாதுகாப்பானது. உங்கள் கையில் வைத்துக்கொள்ளத் தக்கது உலர்த்துவதுதான். அறுவடை சமயத்தில் வெயிலும் வறண்ட காற்றும் இருந்தால், தூசி படாத சூரிய உலர்த்திப் பெட்டிகளில் ஆப்பிள் துண்டுகளையும் ஆப்ரிகாட்டையும் செய்யலாம்.

இதுவரை சொன்னவற்றில் குளிர்த்தேவை, உறைபனி, நோயில்லாக் கன்று, முதிர்ச்சி, சூடு, எடை பற்றியவை உறுதியானவை, எந்த மலைக்கும் பொருந்தும். இனி உறுதியில்லாதவை. குளிர்காலம் மாறிக்கொண்டிருக்கிறது. இமாச்சலில் தாழ்வான பகுதிகளில் ஆப்பிள் சரியாகக் காய்க்காமல் மாதுளைக்கும் காய்கறிக்கும் மாறியவர்கள் நிறைய. ஆப்பிள் மேலே மேலே ஏறிப்போகிறது. இன்று குளிர் மட்டுமட்டாக இருக்கும் இடத்தில் இருபது வருடம் வாழப்போகும் மரத்தை நடுவதில் ஆபத்து உண்டு, அது எவ்வளவு என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. தேவைப்படும் அளவைவிடத் தாராளமாகக் குளிர் இருக்கிற வகையையே நான் தேர்ந்தெடுப்பேன். அதேபோல, இமாச்சலின் பிலாஸ்பூர் விவசாயி ஹரிமன் சர்மா உருவாக்கிய எச்ஆர்எம்என்-99 போன்ற குறைகுளிர் ஆப்பிள்கள் வெப்பமான இடங்களிலும் காய்க்கின்றன என்பது உண்மை. அந்தப் பழம் உங்கள் மண்டியில் மலை ஆப்பிளின் விலையைப் பெறுமா என்பது வேறு கேள்வி, பத்து மரம் நட்டுப் பார்த்துத்தான் தெரியும். கிவி, வெண்ணெய்ப்பழம், டிராகன் பழம் என்று ஏதாவது ஒன்று எப்போதும் பரபரப்பாக இருக்கும். எல்லாரும் ஒரே வருடத்தில் நடுகிற பழம் எல்லாருக்கும் ஒரே வருடத்தில் காய்க்கும் என்பதை மட்டும் கணக்கில் வையுங்கள். இயற்கை வேளாண்மைச் சான்றிதழுக்குக் கூடுதல் விலை தரும் வாங்குநரை முதலில் கண்டுபிடித்துவிட்டு, பிறகு சான்றிதழ்க் கட்டணம் கட்டுங்கள். புவிசார் குறியீடும் அப்படித்தான். ஏற்கெனவே மக்கள் பெயர் சொல்லிக் கேட்கும் பழத்துக்கு அது பாதுகாப்பு தரும், யாரும் கேட்காத பழத்துக்கு அதனால் சந்தை உண்டாகாது.

உங்கள் மலையை நான் பார்த்ததில்லை, அதனால் இன்ன பழம் நடுங்கள் என்று இங்கிருந்து சொல்வது பொறுப்பில்லாத செயல். இந்த ஒரு வருடம் பெரிய அளவில் நடாமல் இருங்கள். ஊரில் ஏற்கெனவே வீட்டுப் பக்கம் நிற்கும் பழைய பழ மரங்களைப் போய்ப் பாருங்கள், எந்த வாரம் பூக்கின்றன, எந்த வாரம் பழுக்கின்றன, பராமரிப்பில்லாமலே எவை காய்க்கின்றன என்று பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள். இலவசமாகக் கிடைக்கும் பரிசோதனை முடிவு அது. தோட்டங்களின் உயரம், குளிர்கால மணிக்கணக்கு, கடைசி உறைபனி விழும் தேதி, ஆலங்கட்டி எத்தனை வருடத்துக்கு ஒருமுறை, கோடையில் கிடைக்கும் தண்ணீர், மண்ணின் ஆழம், மண்டிக்கு ஆகும் நேரம், வாரவாரி விலைப் பதிவு ஆகியவற்றைச் சேர்த்து இங்கேயே எழுதினால், எந்த வகைகளைப் பத்துப் பத்து மரமாகச் சோதித்துப் பார்க்கலாம், எந்த வேர்ச்செடியில் வாங்கலாம் என்று குறிப்பாகவே சொல்கிறேன்.